மிச்சம் பிடித்த பணம் எங்கே போகிறது?

கடிதம் எழுதியவர் 37 வயதுப் பெண். கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகிறார்கள். பள்ளியில் படிக்கும் இரண்டு பிள்ளைகள், கூடவே மாமியார். எட்டு மாதமாக ஒரு நோட்டுப் போட்டு வீட்டுக் கணக்கு எழுதி வருகிறார். அதிலிருந்து ஒரு மாதத்துப் பக்கங்களையும், வங்கி அறிக்கை ஒன்றையும் பிரதி எடுத்து அனுப்பியிருக்கிறார். தொகைகளை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால், வீட்டுக்கு மாதம் வரும் மொத்த வருமானத்தை 100 என்று வைத்து எல்லாவற்றையும் அந்தக் கணக்குக்கு மாற்றியிருக்கிறேன்.

வாடகை 28. பிள்ளைகள் படிப்பு 12. மளிகையும் வீட்டுச் சாமானும் 18. போக்குவரத்து 8. மின்சாரம், போன், இணையம் மூன்றும் சேர்ந்து 6. மாமியாரின் மருந்து மாத்திரை 6. கணவரின் கிரெடிட் கார்டுக்குக் கட்டும் குறைந்தபட்சத் தொகை 9. மீதி 13-க்கு நேரே "இதர" என்று எழுதியிருக்கிறார். மாதக் கடைசியில் நிற்பது பூஜ்யம்.

பேருந்து நிறுத்தம் வரை நடந்தே போவது, அழகு நிலையத்தை நிறுத்தியது, பல வருடமாக வாங்கிய வார இதழை விட்டது, அலுவலகத் தோழிகளோடு வெளியே போகாமல் இருப்பது என்று தான் குறைத்தவற்றைப் பட்டியல் போட்டிருக்கிறார். மாதம் 4 மிச்சம் என்பது அவர் கணக்கு. அந்த 4-ஐ எங்கே தேடியும் காணவில்லை என்பதுதான் கடிதத்தின் சாரம். இதற்கிடையில், விளக்கை அணைக்காத பிள்ளைகளோடு தினமும் சண்டை. "இப்படிக் காசு காசாப் பார்த்து யாரு பணக்காரன் ஆனா? சம்பளம் கூடட்டும், தானா சரியாயிடும்" என்கிறாராம் கணவர். ஆறு மாதத்தில் அவருக்குச் சம்பள உயர்வு வரப்போகிறது.

இன்னும் இரண்டு எண்களைக் கடிதத்தின் கடைசியில், போகிற போக்கில் சொல்லியிருக்கிறார். கிரெடிட் கார்டில் நிலுவை 175, வட்டி மாதம் 3 சதவீதம். தன் பெயரில் வங்கியில் வைப்புத்தொகை 210, வட்டி ஆண்டுக்கு 6 சதவீதம். "எது வந்தாலும் அந்தப் பணத்தைத் தொடாதே என்று அம்மா சொல்லிக் கொடுத்தது."

கேள்விகள் மூன்று. இன்னும் எதையெல்லாம் குறைக்கலாம்? கணவர் சொல்வது சரியா? "எல்லாரும் சொல்கிற மாதிரி நான் கஞ்சமாகிவிட்டேனா?"

அன்புள்ள சகோதரி,

முதல் கேள்விக்கு எதிர்பாராத பதில் ஒன்று சொல்கிறேன். இனி எதையும் குறைக்க வேண்டாம், குறைந்தது இரண்டு மாதத்துக்கு. உங்கள் நோட்டைப் பார்த்தவரை, நீங்கள் குறைக்கத் தெரியாதவர் இல்லை. குறைத்ததை எங்கே வைப்பது என்பதைத்தான் யாரும் உங்களுக்குச் சொல்லித் தரவில்லை.

சிறுதுளி பெருவெள்ளம் என்று எழுதியிருந்தீர்கள். துளி சேர ஒரு பாத்திரம் வேண்டுமே! நீங்கள் நடந்து போய் மிச்சப்படுத்திய பணம், நடக்காமல் போயிருந்தால் எந்தக் கணக்கில் இருந்திருக்குமோ அதே கணக்கில்தான் இப்போதும் இருக்கிறது. வீட்டுச் செலவும், கார்டு தவணையும், ஆன்லைன் வாங்கலும் அதே கணக்கிலிருந்துதான் போகின்றன. உங்கள் கணக்கில் கூடுதலாக நின்ற அந்தச் சிறு தொகையை வேறு யாரோ, வேறு எதற்கோ, தப்பெண்ணம் எதுவும் இல்லாமலே எடுத்துச் செலவழித்திருப்பார்கள். அந்த யாரோ நீங்களாகவும் இருக்கலாம். நடந்து போனது உண்மை, வியர்த்ததும் உண்மை. பணம் இடம் மாறாதவரை அது சேமிப்புக் கணக்கில் வராது.

இதை எப்படிச் சரி செய்வது என்று பிறகு சொல்கிறேன். அதற்கு முன்னால் அந்தக் கடைசிப் பத்திக்கு வர வேண்டும். எட்டுப் பக்கக் கடிதத்தில் மூன்றே வரி எழுதியிருக்கிறீர்கள் அதைப் பற்றி. எனக்கு அந்த மூன்று வரிதான் கடிதமே.

தொடாத பணமும் தொடர்கிற கடனும்

கார்டில் 175 நிலுவைக்கு மாதம் 3 சதவீதம் என்றால் வட்டி மட்டும் 5.25. உங்கள் வைப்புத்தொகை 210-க்கு ஆண்டுக்கு 6 சதவீதம் என்றால் 12.6; மாதத்துக்கு 1.05. ஒரு கையில் 1.05 வாங்கி மறு கையில் 5.25 கொடுக்கிறீர்கள். மாதா மாதம் 4.2 இழப்பு. நீங்கள் எட்டு மாதமாகப் பல்லைக் கடித்துக்கொண்டு குறைத்தது 4. உங்கள் சிக்கனம் முழுவதும் இந்த இடைவெளியை அடைக்கவே போதவில்லை என்பது இப்போது புரிகிறதா?

"மாதம் 3 சதவீதம்தானே" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த "தானே" தான் ஆபத்து. வட்டிக்கு வட்டி சேரும்போது மாதம் 3 என்பது ஆண்டுக்கு 36-உம் இல்லை, ஏறக்குறைய 42.6 சதவீதம். ஒரு பழைய குறுக்குவழி உண்டு: 72-ஐ வட்டி விகிதத்தால் வகுத்தால் தொகை இரட்டிப்பாகும் காலம் வரும். கட்டாமல் விட்டால் கார்டு கடன் 24 மாதத்தில் இரண்டு மடங்கு. உங்கள் வைப்புத்தொகை இரண்டு மடங்காக 12 வருடம்.

குறைந்தபட்சத் தொகையைத் தவறாமல் கட்டுகிறோம், அதனால் பயமில்லை என்பதும் சரியில்லை. தவறாமல் கட்டுவதால் தாமதக் கட்டணம் வராது, கடன் பெயர் கெடாது. அதற்கு மேல் பெரிய லாபம் இல்லை. வட்டியும் சேர்ந்த நிலுவையில் 5 சதவீதம் குறைந்தபட்சம் என்று வைத்துப் போட்டுப் பார்த்தேன். இன்றிலிருந்து அந்தக் கார்டில் ஒரு பொருளும் வாங்காமல், குறைந்தபட்சத்தை மட்டும் கட்டிக்கொண்டே போனால், நிலுவை பாதியாகக் குறையவே ஏறக்குறைய 32 மாதம் ஆகும். அந்த 32 மாதத்தில் நீங்கள் கட்டியிருப்பது சுமார் 210. உங்கள் வைப்புத்தொகை அத்தனையும்! அப்படியும் பாதிக் கடன் அப்படியே இருக்கும். அம்மா தொடாதே என்று சொன்ன பணம் வேறு வாசல் வழியாகப் போய்க்கொண்டிருக்கிறது.

இன்னொன்றும் கவனியுங்கள். நிலுவையை முழுவதும் கட்டாமல் அடுத்த மாதத்துக்குக் கொண்டுபோகும்போது, பெரும்பாலான கார்டுகளில் வட்டியில்லாத அந்தச் சில வாரச் சலுகை போய்விடும். புதிதாக வாங்கும் ஒவ்வொரு பொருளுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். கார்டில் கிடைக்கும் பரிசுப் புள்ளிகளுக்காகவே மளிகையையும் அதில் வாங்குவதாக எழுதியிருக்கிறீர்களே, அந்தப் புள்ளிகளின் மதிப்பை இந்த வட்டியோடு ஒருமுறை வைத்துப் பாருங்கள்.

சரி, என்ன வழிகள்? இருப்பதை அப்படியே விடுவது ஒரு வழி. அதன் விலையைப் பார்த்துவிட்டோம். வைப்புத்தொகையிலிருந்து 175-ஐயும் எடுத்துக் கடனை ஒரே நாளில் முடிப்பது இன்னொன்று. வெறும் கணக்குப்படி பார்த்தால் இதுதான் லாபம். ஆனால் கையில் 35 மட்டும் மிஞ்சும். வயதானவரும் பிள்ளைகளும் இருக்கும் வீட்டில் ஒரு மருத்துவச் செலவு வந்தால் மறுபடி அதே கார்டைத்தான் தேய்ப்பீர்கள். குறைந்த வட்டியில் தனிநபர் கடன் வாங்கி கார்டை அடைக்கலாம். வட்டி நிச்சயம் குறையும். ஆனால் காலியான கார்டு மறுபடி நிரம்பிவிட்டால் இரண்டு கடன் ஆகிவிடும். என்னிடம் ஆலோசனைக்கு வருபவர்களில் இந்த இரட்டைக் கடன்காரர்களைத்தான் அடிக்கடி பார்க்கிறேன்.

நான் சொல்வது நடுவழி. அத்தியாவசியச் செலவு, அதாவது கார்டும் "இதர"வும் போக, உங்களுக்கு மாதம் 78. எனவே 80-ஐக் கையிருப்பாக வைத்துக்கொண்டு 130-ஐ எடுத்துக் கார்டில் கட்டுங்கள். முதிர்வுக்கு முன் எடுத்தால் வட்டியில் சிறிது பிடிப்பார்கள். வங்கியில் கேட்டுக்கொள்ளுங்கள், ஆனால் அதற்காகத் தயங்க வேண்டாம். கார்டில் மீதி நிற்பது 45. இப்போது கட்டும் அதே 9-ஐத் தொடர்ந்து கட்டினால் ஆறாவது மாதத்தில் கடன் முடிந்துவிடும். அதோடு நீங்கள் மிச்சம் பிடிக்கும் 4-ஐயும் சேர்த்து 13 கட்டினால் நான்கே மாதம். உங்கள் சிறு மிச்சத்துக்கு மதிப்பு வருவது இங்கேதான். பிறகு அதே 13-ஐ வைப்புத்தொகைக்குத் திருப்பினால், எடுத்த 130-ஐப் பத்து மாதத்தில் திரும்பச் சேர்த்துவிடலாம். மொத்தம் 14 மாதம். 32 மாதம் பாதிக் கடனுக்கு உழைப்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

வைப்பை உடைக்கவே மனம் வரவில்லை என்றால், அதன் மேல் கடன் தருகிறார்களா என்று கேளுங்கள். வைப்பு வட்டியைவிடச் சற்றுக் கூடுதல் வட்டிதான் பொதுவாகப் போடுவார்கள். கணக்கில் கொஞ்சம் நஷ்டம். ஆனால் அம்மாவின் வார்த்தையை மீறவில்லை என்ற நிம்மதி கிடைக்கும். அந்த நிம்மதிக்கும் ஒரு விலை கொடுக்கலாம், தப்பில்லை.

இது யாருடைய கடன், யாருடைய பணம்?

நீங்கள் கேட்காத கேள்வி இது. ஆனால் கேட்டிருக்க வேண்டியது.

கார்டு கணவர் பெயரில் இருக்கிறது. பொதுவாக அந்தக் கடனுக்கு அவர்தான் பொறுப்பு. உங்களிடம் இருப்பதாகச் சொல்லும் துணை அட்டையில் நீங்கள் வாங்கியதும் அவர் கணக்கில்தான் ஏறும். வைப்புத்தொகை உங்கள் பெயரில், உங்கள் சம்பளத்தில் சேர்த்தது. அதை எடுப்பதும் எடுக்காததும் உங்கள் முடிவு. குடும்பம் என்றால் இப்படிப் பிரித்துப் பார்க்கலாமா என்று உங்களுக்குத் தோன்றும். பிரிக்கச் சொல்லவில்லை. தெரிந்து கொடுப்பது வேறு, தெரியாமல் கரைவது வேறு என்பதற்காகச் சொல்கிறேன்.

ஆகவே பணத்தை எடுக்கும் முன் கணவரோடு உட்கார்ந்து மூன்று விஷயத்தை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: கடன் முடியும்வரை அந்தக் கார்டில் புதிதாக எதுவும் வாங்குவதில்லை, அதன் மாத அறிக்கையை இருவரும் பார்ப்பது, கடன் முடிந்த மறுமாதத்திலிருந்து 13 உங்கள் வைப்புக்கு வருவது. கையெழுத்து வேண்டாம், முத்திரை வேண்டாம். எழுதி அலமாரிக் கதவில் ஒட்டினால் போதும். முதல் அம்சத்துக்கு அவர் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் வைப்பைத் தொடாதீர்கள். அப்போது அம்மா சொன்னதுதான் சரி.

இன்னொரு சிறு விஷயம்: வட்டியைக் குறைக்கவோ, நிலுவையைக் குறைந்த வட்டித் தவணையாக மாற்றவோ கார்டு கொடுத்த வங்கியிடம் கேட்கலாம். கொடுப்பார்கள் என்று உறுதியில்லை. கேட்பதற்குக் காசில்லை.

"இதர" என்ற பத்தி

நோட்டில் மற்ற எல்லா வரியும் சுத்தமாக இருக்கிறது. ஒன்றரைப் பக்கம் மாமியாரின் மாத்திரைக்கே எழுதியிருக்கிறீர்கள். ஆனால் 13, அதாவது வாடகையில் பாதிக்குக் கிட்டே, ஒரே சொல்லில் அடங்கிவிட்டது. கணக்கு எழுதுகிற எல்லோரும் செய்வதுதான். என் பழைய நோட்டுகளிலும் "இதர" தான் மிகக் கொழுத்த பத்தி. வெட்கமாக இருக்கும் செலவெல்லாம் அங்கே போய் ஒளிந்துகொள்ளும்.

அதைப் பிரிக்க ஒரே ஒரு மாத அறிக்கை போதாது. 12 மாத வங்கி அறிக்கையை எடுங்கள். ஏன் 12 என்றால், வருடம் ஒருமுறை தானாகப் பிடிக்கும் சந்தாக்கள் ஒரு மாதத்தில் கண்ணில் படாது. ஒரு செயலியின் இலவச மாதத்துக்காக அட்டை எண் கொடுத்துவிட்டு, இரண்டு ஆண்டுச் சந்தா நான் கட்டியிருக்கிறேன். அந்தச் செயலியைத் திறந்தது இரண்டே முறை. பிறத்தியாருக்கு ஆலோசனை சொல்கிறவன் கதை இது.

சந்தாவை நிறுத்தும்போது ஒன்று: வங்கியில் தானாகப் பணம் பிடிக்கக் கொடுத்த அனுமதியை ரத்து செய்வதும், சந்தாவையே ரத்து செய்வதும் வேறு வேறு. முதலாவதை மட்டும் செய்தால் ஒப்பந்தம் உயிரோடு இருக்கும். பாக்கி என்று கேட்டு வரக்கூடும். முதலில் நிறுவனத்திடம் எழுத்தில் ரத்து செய்து, உறுதிச் செய்தியைப் பத்திரப்படுத்திய பிறகு வங்கிக்குப் போங்கள்.

மற்ற செலவுகளை எடைபோட ஒரே அளவுகோல் போதும். தினச் செலவை 365-ஆல் பெருக்குங்கள், வாரச் செலவை 52-ஆல், மாதச் செலவை 12-ஆல். ஒருமுறை வாங்கிய பெரிய பொருளைப் பார்த்து நாம் பதறுகிறோம். திரும்பத் திரும்ப வருவது கையைக் கடிப்பது தெரிவதில்லை. வீட்டுக்கே கொண்டுவந்து தரும் கட்டணம் ஒரு தடவைக்கு உங்கள் கணக்கில் வெறும் 0.15. உங்கள் வீட்டில் அது மாதம் 18 தடவை நடக்கிறது என்று அந்த அறிக்கைப் பிரதியே சொல்கிறது. 2.7! பொருளுக்கு அல்ல, கொண்டுவந்ததற்கு மட்டும். வாங்குவதை நிறுத்த வேண்டாம், 18 தடவையை 5 ஆக்கினால் 2 மிச்சம். நீங்கள் அழகு நிலையத்தையும் வார இதழையும் விட்டதில் கிடைத்ததைவிட இது அதிகம். யாருக்கும் வலியும் இல்லை.

இதே அளவுகோலைப் பிள்ளைகளோடு நடக்கும் விளக்குச் சண்டைக்கும் வைப்போம். 9 வாட் எல்இடி விளக்கு ஒன்று தினமும் ஐந்து மணி நேரம் வீணாக எரிந்தாலும் மாதத்துக்கு 1.35 யூனிட்தான். 2000 வாட் கீசர் தினமும் அரை மணி நேரம் ஓடினால் 30 யூனிட். 22 மடங்கு! கீசரைப் பத்து நிமிடம் முன்னதாக அணைத்தால் பிள்ளைகளின் விளக்குக் குற்றத்தை மன்னித்துவிடலாம். விளக்கை அணைக்கும் பழக்கம் நல்லதுதான், சொல்லிக்கொடுங்கள். தினமும் அழவைக்கும் அளவுக்கு அதில் பணமில்லை.

தள்ளுபடியில் வாங்கியது மிச்சமா?

"தள்ளுபடியில் வாங்கியதால் மிச்சப்பட்டது" என்று நோட்டில் தனிப் பத்தியே வைத்திருக்கிறீர்கள். அதைக் கிழித்துவிடச் சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள். 20 சதவீதத் தள்ளுபடியில் வாங்கிய, இல்லாவிட்டால் வாங்கியே இருக்க மாட்டீர்கள் என்ற பொருளில், 20 மிச்சம் ஆகவில்லை, 80 செலவாகியிருக்கிறது. "30 சதவீதம், அதற்கு மேல் 20 சதவீதம்" என்று போட்டிருந்தால் மனம் உடனே 50 என்று கூட்டும். உண்மையில் 44 தான். இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம் என்பதில், மூன்றாவதைப் பயன்படுத்தினால் மட்டுமே மூன்றில் ஒரு பங்கு லாபம். மூன்றாவது கெட்டுப்போய்க் குப்பைக்குப் போனால் முழு விலைதான் கொடுத்திருக்கிறீர்கள். விலை மாறாமல் பாக்கெட் மட்டும் 100 கிராமிலிருந்து 90 கிராமாக இளைத்திருந்தால், அது 11 சதவீத விலையேற்றம். பாக்கெட் விலையைப் பார்க்காமல், கிராமுக்கு என்ன விலை என்று பார்ப்பது ஒன்றுதான் இதற்கெல்லாம் மருந்து.

கார்டில் வாங்கும்போது இன்னும் கை தாராளமாகும் என்பதற்கு 2001-இல் வெளியான ஓர் ஆய்வு உண்டு. டிராசன் பிரெலெக், டங்கன் சிமெஸ்டர் என்ற இருவர், அமெரிக்காவில் எம்.ஐ.டி. மாணவர்களிடம் விளையாட்டுப் போட்டி டிக்கெட்டுகளை ஏலம் விட்டுப் பார்த்தார்கள். ரொக்கமாகக் கட்ட வேண்டும் என்று சொல்லப்பட்டவர்களைவிட, கார்டில் கட்டலாம் என்று சொல்லப்பட்டவர்கள் ஏறக்குறைய இரண்டு மடங்கு விலை கேட்டார்கள். நோட்டை எண்ணிக் கொடுக்கும்போது விரலுக்குத் தெரிவது, அட்டையைத் தொட்டு எடுக்கும்போது தெரிவதில்லை. வாரச் செலவுப் பணத்தை மட்டும் ரொக்கமாகவோ தனிக் கணக்கிலோ வைத்துப் பாருங்கள். உங்கள் கணவரும் அதையே செய்யட்டும்.

பாத்திரம் வைப்பது எப்படி?

முதலில் சொன்னதற்கு வருகிறேன். மாதக் கடைசியில் மிஞ்சுவதைச் சேர்ப்போம் என்று எட்டு மாதம் காத்திருந்தீர்கள். மிஞ்சாது. சம்பளம் வந்த அன்றே 4 வேறு கணக்குக்குத் தானாகப் போகும்படி வங்கியில் சொல்லிவிடுங்கள். முதல் நான்கு மாதம் அது கார்டுக்குப் போகட்டும். அந்தக் கணக்குக்கு அட்டையும் வேண்டாம், போனில் செயலியும் வேண்டாம். இனி "இதர" 13 இல்லை, 9. கொண்டுவரும் கட்டணத்தையும் சந்தாக்களையும் குறைத்தால் அந்த 9-க்குள் ஓட்டிவிட முடியும் என்றே உங்கள் அறிக்கை சொல்கிறது.

பொருளாதாரத்துக்கான நோபல் பரிசை 2017-இல் பெற்ற ரிச்சர்ட் தேலர், பணத்தை மனிதர்கள் மனத்துக்குள் தனித்தனி உண்டியல்களாகப் பிரித்து வைப்பதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார். கணக்குப் போடுகிறவனுக்கு எல்லாப் பணமும் ஒரே பணம். மனசுக்கு அப்படி இல்லை. பிள்ளை படிப்புக்கு என்று வைத்ததைத் தொடக் கை நடுங்கும், பெயரில்லாத பணத்துக்கு நடுங்காது. எனவே அந்தக் கணக்குக்கு ஒரு பெயர் வையுங்கள். இதே மனப்போக்குதான் உங்கள் வைப்புத்தொகையைத் தனி உண்டியலில் பூட்டிவைத்து, பக்கத்து உண்டியலில் வட்டி கொட்டுவதைப் பார்க்கவிடாமலும் செய்தது. நல்ல பழக்கத்துக்கும் கெட்ட பழக்கத்துக்கும் வேர் ஒன்றே.

எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் மாற்ற முயல வேண்டாம். லண்டனில் பிலிப்பா லாலியும் சக ஆய்வாளர்களும் 96 பேரை வைத்து 2009-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு புதிய பழக்கம் தானாக வரச் சராசரியாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 நாள் வரை ஆகும் என்று கணித்தார்கள். இடையில் ஒரு நாள் தவறியதால் பெரிதாக எதுவும் கெட்டுவிடவில்லை என்பதையும் அதில் கண்டார்கள். இரண்டு மாதம் எதையும் புதிதாகக் குறைக்க வேண்டாம் என்று சொன்னது இதனால்தான். மாதா மாதம் 4 வேறு கணக்குக்குப் போவதும், கொண்டுவரும் கட்டணத்தைக் குறைப்பதும் முதலில் பழகட்டும்.

கணவர் சொல்வது சரியா?

பாதி சரி. வாடகை 28-இல் பத்தில் ஒன்று குறைந்தாலே 2.8. ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது பேசிப் பாருங்கள் என்று அவரிடம் அந்த வேலையைக் கொடுங்கள்; பெரிய செலவுகளைப் பேரம் பேசுவது அவருக்கு வரும் என்று உங்கள் கடிதத்திலிருந்தே தெரிகிறது. வரவு போதாத வீட்டில் சிறு செலவை எவ்வளவு பிழிந்தாலும் எண்ணெய் வராது என்பதையும் ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் "சம்பளம் கூடினால் தானா சரியாயிடும்" என்பதை உங்கள் நோட்டே மறுக்கிறது. போன வருட உயர்வு எங்கே போனது என்று நீங்களே கேள்விக்குறி போட்டிருக்கிறீர்கள். உயர்வு வந்த மாதம் வாழ்க்கையும் அந்த அளவுக்கு வீங்கிவிடும். தேலரும் ஷ்லோமோ பெனார்ட்சியும் ஒரு நிறுவனத்தின் ஊழியர்களிடம் வேறு மாதிரி கேட்டார்கள்: இன்றைக்கு ஒன்றும் பிடிக்க வேண்டாம், அடுத்தடுத்த உயர்வுகளில் ஒரு பங்கைச் சேமிப்புக்குத் தர இன்றே சம்மதிக்கிறீர்களா? 2004-இல் வெளியான அந்த ஆய்வில், சம்மதித்தவர்களின் சேமிப்பு 40 மாதத்தில் சம்பளத்தின் 3.5 சதவீதத்திலிருந்து 13.6 சதவீதமாக ஏறியது. கையில் வராத பணத்தை விட்டுக்கொடுப்பது எளிது. உங்கள் கணவரின் உயர்வுக்கு இன்னும் ஆறு மாதம் இருக்கிறது. அதில் பாதி எங்கே போக வேண்டும் என்பதை இப்போதே பேசி முடித்துவிடுங்கள். வந்த பிறகு பேசினால் சண்டையாகும்.

கஞ்சமா?

நீங்கள் விட்டவற்றின் பட்டியலை மறுபடி படித்தேன். நடை, அழகு நிலையம், வார இதழ், தோழிகள். நான்கும் உங்களுடையவை. கணவருடையது ஒன்றும் இல்லை, பிள்ளைகளுடையதும் இல்லை, மாமியாருடையதும் இல்லை. கஞ்சம் என்பவர் பிறருக்குக் கொடுக்க மனமில்லாதவர். உங்களுக்கு அந்தச் சொல் பொருந்தவில்லை. ஒரே ஆளின் வாழ்க்கையிலிருந்து மட்டும் வெட்டிக்கொண்டிருந்தால் அந்த ஆள் என்றாவது ஒருநாள் களைத்துப்போவார். களைத்த மறுநாள் மொத்தமாகச் செலவு செய்வார். எரிச்சலும் விளக்குச் சண்டையும் அதன் முன்னறிகுறி போலத்தான் எனக்குத் தெரிகிறது.

"இதர" 9-இல் உங்களுக்கு 1.5, கணவருக்கு 1.5 என்று தனியாக ஒதுக்குங்கள். எதற்குச் செலவானது என்று ஒருவரை ஒருவர் கேட்கக் கூடாது, நோட்டிலும் எழுதக் கூடாது. பிள்ளைகளிடம் தொகைகளைச் சொல்ல வேண்டாம்; ஆனால் 14 மாதக் கணக்கு என்ற ஒன்று நடக்கிறது, அது முடியும் மாதம் எது என்பது அவர்களுக்கும் தெரிந்திருக்கட்டும்.

வார இதழை இந்த வாரமே மறுபடி வாங்குங்கள். மாதத்துக்கு 0.3 என்று நீங்களே குறித்து வைத்திருக்கிறீர்கள். அதற்கான காசு உங்கள் 1.5-இலிருந்து போகட்டும்.